அக்கா வீட்டில் மிளகாய் இல்லை

கடல் தாண்டிப் போகிறேன் என்றதும் ஹட்டனில் என் பக்கத்து வீட்டுக்காரி, "ஊட்டியா! படத்துல பாட்டுக்கு ஆடுவாங்களே, அந்த எடமா?" என்று வாயைப் பிளந்தாள். படத்தில் காட்டாத ஒன்றும் அந்த மலையில் இருக்கிறது, என் அக்கா பாக்கியம். தோட்டத் தமிழரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. கல்யாணம் முடிந்த கையோடு அவள் புருஷன் குடும்பத்தை இந்தியா போகச் சொல்லிச் சீட்டு வந்தது, கப்பலேறிவிட்டாள். எங்கள் அப்பாவுக்கு இலங்கையிலேயே இருக்கும் சீட்டு, நான் இருந்துவிட்டேன். அவள் நீலகிரியில் தேயிலைக் கொழுந்து பறித்தாள், நான் ஹட்டனில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். இப்போது அவள் மகள் செல்விக்கு வளைகாப்பு. சித்தி வராமல் வளையல் ஏறாது என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்கா போட்ட சத்தம் போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

மலையேறும் பஸ் அரவேணு வந்ததும் நின்றுவிட்டது. பழுது என்று நினைத்து, கைப்பையிலிருந்த புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அதுவரை வந்த வளைவுகளில் என் வயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்டக்டர் வந்து, "எறங்கி அந்தப் பக்கம் நடந்துருங்க, வேற வண்டி நிக்குது" என்றார். இறங்கிப் பார்த்தால் ரோட்டின் அகலத்துக்கும் பச்சைக் கொழுந்து கொட்டிக் கிடக்கிறது. ஃபேக்டரியில் கொடுக்கிற விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் கோபத்தில் மூட்டை மூட்டையாகக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

எனக்குக் கால் எழவில்லை. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளுக்குக் கொழுந்தை மிதிப்பது சோற்றை மிதிப்பது மாதிரி. எனக்கு முன்னால் போன வெள்ளைப் போர்வைக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். மனைவியிடம் படுக மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "வெல போகலேன்னா அது குப்பையாயிருமான்னு கேக்கறாருங்க." நானும் செருப்பைக் கழற்றினேன். இரண்டடி வைத்ததும் வழுக்கி, கண்டக்டரின் தோளைப் பிடித்துத்தான் கரை சேர்ந்தேன்.

அக்கா வீடு எஸ்டேட் லைன் வீடு, தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. நாங்கள் லயம் என்பதை இவர்கள் லைன் என்கிறார்கள். கூரைத் தகரமும் அது மழையில் போடும் சத்தமும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். எஸ்டேட்டில் பாதி நாள் வேலையில்லை, ஃபேக்டரியில் பாதி ஷிஃப்ட் இல்லை. அக்காவின் மருமகன் குமரேசன் அந்த ஃபேக்டரியில்தான் வேலை. அவனுடைய தாத்தா கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலைக்கு வந்தவர். வாடகை கட்டுப்படியாகாமல் அவனும் செல்வியும் அக்காவோடு வந்து சேர்ந்திருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளைக்குரிய பணிவு அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்பான் போலிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா தேங்காய் ரொட்டி சுட்டாள். மணம் என்னை என் பள்ளிக்கூட நாளுக்கே கொண்டு போய்விட்டது. ரொட்டி வந்தது. தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடிக்கிற சம்பல் வரவில்லை.

"சம்பல் எங்கக்கா?"

"இந்த வீட்டுல மிளகா இல்ல."

"நான் கொண்டு வந்திருக்கேனே!" ஹட்டனில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போத்தலைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். அக்கா அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். "இல்லாம இல்ல. சேக்குறதில்ல. பேசாம சாப்பிடு."

செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு மிளகுத்தூளை என் பக்கம் தள்ளினாள். குமரேசன், "அத்தைக்கு ஒரு நேர்ச்சைங்க சின்னத்தை" என்று தட்டைப் பார்த்தே சொன்னான். மிளகாய் இல்லாத தேங்காய் ரொட்டியைப் பற்றி நான் ஒன்றும் எழுத விரும்பவில்லை.

மறுநாள் காலையில் மர்மம் வெளியானது. அக்கா என்னை எஸ்டேட் மேட்டுக்குக் கூட்டிப் போனாள். மூட்டு வலிக்கிறது என்று என்னிடம் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டவள், அந்த ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஓடினாள். மேலே மாரியம்மன் கோயில். கோயில் என்றால் நாலு கால், ஒரு தகரக் கூரை. அம்மனுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு கல். அந்தக் கல் முழுக்கச் சிவப்பாக ஏதோ பூசிக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. குங்குமம் என்று கையை நீட்டினேன்.

"தொடாத! மிளகா!"

சமவெளியில் ஓர் அம்மனுக்கு இந்த வழக்கமாம். பொருள் களவு போனால், களவாண்டவன் யாரென்று தெரியாவிட்டால், வர மிளகாயை ஊறவைத்து அம்மியில் அரைத்து அந்த நியாயக் கல்லில் பூச வேண்டும். எடுத்தவன் உடம்பு மிளகாய் பட்டதுபோல எரியும். நியாயம் கிடைக்கும்வரை பூசியவர் வீட்டில் மிளகாய் சேர்க்கக் கூடாது. நியாயம் கிடைத்ததும் நல்லெண்ணெய் தேய்த்துக் கழுவிக் கல்லைக் குளிரவைக்க வேண்டும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வரக் கையில் காசில்லாத காலம் என்பதால், லைன்காரர்கள் சேர்ந்து அந்த வழக்கத்தையே மேலே கொண்டுவந்து தங்கள் மாரியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மாரியும் மறுப்புச் சொல்லவில்லை.

அக்காவின் வழக்கு இதுதான். செல்விக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் வெட்டுகிறேன் என்று மாரிக்கு ஒரு கிடாய் நேர்ந்து விட்டிருந்தாள். சாமி கிடாய் என்பதால் அதை யாரும் விரட்ட மாட்டார்கள்; அது பாட்டுக்கு லைன் முழுக்க அவரைக்கொடி மேய்ந்து திமிரோடு வளர்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு காலையில் கிடாயைக் காணோம்.

"சிறுத்தை தூக்கியிருக்கும்" என்றேன். இந்த மலையில் நாயும் ஆடும் அப்படித்தானே போகின்றன!

"சிறுத்த கயித்த அவுத்துட்டா தூக்கும்?" என்றாள் அக்கா.

அக்கா உற்சாகமாகிவிட்டாள். எடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியுமாம். எதிர் லைன் ராசம்மா. ராசம்மாவும் அக்காவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். சண்டை போட்டாலும் சாயந்தரம் ஒரே குழாயடியில் நின்று கதைப்பவர்கள். அந்த ராசம்மாவின் அவரைக்கொடியைத்தான் கிடாய் கடைசியாக மொட்டையடித்தது. "பூசின மறு வாரமே வழுக்கி விழுந்து கைய ஒடச்சுக்கிட்டா. போதாதா?"

"மழைக்காலத்துல எல்லாரும்தான் வழுக்கி விழறாங்க. நான் ரோட்டுல விழப் போனேனே, நானா கிடா திருடினேன்?"

"நீ விழலையே. பிடிச்சிக்கிட்டியே."

இப்படி ஒரு மூளையைக் கொழுந்துக் கூடைக்கு அடியில் வீணாக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தேன். "பூசும்போது என்ன சொன்ன?" என்று சும்மா கேட்டேன். அக்கா நிமிர்ந்து நின்றாள். "எடுத்தவன் வம்சம் எரியணும்னு சொன்னேன். சாமி சொத்துல கை வச்சா சும்மாவா?"

மூன்றாம் நாள் குமரேசனுக்கு ஷிஃப்ட் இல்லை. சின்னத்தைக்கு ஊட்டி காட்டி வாருங்கள் என்று அக்கா அவனை என்னோடு அனுப்பினாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு கூடை முட்டைக்கோசும் அதன் சொந்தக்காரரும். கூடைக்கு சீட், எனக்கு அரை சீட். ஊட்டியில் படகு ஏரியைப் பார்த்தோம் என்று சொல்ல ஆசைதான். பனிமூட்டத்தில் ஏரியைக் காணவில்லை. துடுப்புச் சத்தமும் யாரோ ஒரு குடும்பம் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்துவதும் மட்டும் கேட்டது. எங்கள் நுவரெலியாவிலும் ஏரி இருக்கிறது, பனியும் இருக்கிறது. அங்கே பனியைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு பேக்கரிக்குள் ஒதுங்கி டீயும் வர்க்கியும் வாங்கினேன். வர்க்கி என்பது அடுக்கடுக்காக உதிரும் ஒரு மொறுமொறுப்பு. டீயில் நனைத்தால் ஒரு கணம் சொர்க்கம், இரண்டாம் கணம் டம்ளருக்கு அடியில். குமரேசன் தொடவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, உடம்புக்கு?"

"எரியுதுங்க சின்னத்தை. ஒரு மாசமா."

"நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, வெறும் வயித்துல டீ. கேஸ்தான். மாத்திரை வாங்கித் தர்றேன் வா."

"ஃபேக்டரியில பாதிப் பேருக்கு அது கேஸுங்க," என்றான் மெதுவாக. "எனக்கு அது கல்லுங்க."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தான். போன மாதம் செல்வியைக் குன்னூரில் டாக்டரிடம் காட்டியபோது, உடம்பில் ரத்தமே இல்லை, உடனே ஏற்றாவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபேக்டரியில் அட்வான்ஸ் கேட்டான்; சம்பளத்துக்கே வழியில்லை என்றார்கள். கடைசியில் விடிவதற்கு முன் கிடாயை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். செல்வியிடமும் அக்காவிடமும் ஃபேக்டரி அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டான். ரத்தம் ஏற்றியாயிற்று, செல்வி இப்போது நன்றாக இருக்கிறாள்.

"அத்தைகிட்டக் கேட்டிருக்கலாமே?"

"சாமி கிடாய வித்தா புள்ளைக்கு ஆகாதுன்னு அவங்க மாட்டேன்னிருந்தா, நா என்னங்க பண்ணியிருப்பேன்? கேட்டுப்போட்டு எடுத்தா அது இன்னும் பெரிய பாவமில்லீங்களா?"

நான் விடவில்லை. வகுப்பறைக் குரலை எடுத்துக்கொண்டேன். "கிடா எதுக்கு நேர்ந்தது? பிரசவம் நல்லா நடக்க. கிடா எதுக்குப் போச்சு? பிரசவம் நல்லா நடக்க. போக வேண்டிய இடத்துக்குத்தானே போயிருக்கு?"

"அத நீங்க சொன்னாப் பத்தாதுங்களே. ஆத்தா ஒத்துக்கோணுமில்லீங்க?" டம்ளரைத் தள்ளி வைத்தான். "நா எரிஞ்சாலும் பரவால்லீங்க சின்னத்தை. அத்தை வம்சம் எரியோணும்னு சொல்லிப் பூசியிருக்காங்க. என் வம்சம் செல்வி வயித்துல இருக்குதுங்க. தெனமும் அவ மூஞ்சியப் பாத்துட்டேதான் சோறு உங்கறேன். இறங்க மாட்டேங்குது."

கல்லுக்கும் கருவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பையனின் வயிறு எரிவது கேஸினாலா, பயத்தினாலா, மாரியினாலா என்று பிரித்துக் காட்ட என்னிடம் எந்தச் சோதனைக் குழாயும் இல்லை. மூன்றும் ஒரே இடத்தில்தான் எரிகின்றன. யாரிடமும் அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். எதை நம்பி விழுங்கினானோ, விழுங்கினான்.

நாலாம் நாள் வளைகாப்பு. லைன் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முழங்கைவரை வளையல் ஏற்றி, செல்வியைக் கண்ணாடிக் கடை ஆக்கிவிட்டார்கள். தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகச் சோறு. புளிச்சோற்றில் மிளகாய்க்குப் பதில் மிளகு கிடந்ததைப் பார்த்து ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி முகம் சுளித்தாள். ராசம்மா மட்டும் வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு எதிர் லைன் வாசலில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் இந்தப் பக்கத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செய்யாத களவுக்கு ஒரு கையும் போய், ஒரு சிநேகிதியும் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு அக்காவும் நானும் குழாயடியில் பாத்திரம் கழுவினோம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நேராகவே தொடங்கினேன்.

"அக்கா, கிடா எடுத்தது ராசம்மா இல்ல. எடுத்தவங்க என்கிட்டச் சொன்னாங்க."

அக்காவின் கை நின்றது. "யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன். சும்மா எடுக்கல. ஒரு உயிரைக் காப்பாத்த எடுத்தாங்க. அந்த வீட்டுலயும் ஒரு பிள்ளை இருக்கு. நீ வம்சம் எரியணும்னு சொன்னியே, அது அந்தப் பிள்ளை மேலதான் போய் விழும்."

உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அக்கா கேட்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அண்டா நிறைந்து வழிந்தது. உள்ளே செல்வி நடக்கும் வளையல் சத்தம் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"யாருன்னு நான் சொல்லவா?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"வேணாம்!" ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். "என் வாயி உனக்குத் தெரியும். தெரிஞ்சா ஒரு நா கோவத்துல சொல்லிருவேன். சொன்னா அந்த மனுசன் அப்புறம் எப்படி என் முன்னால உக்காந்து சோறு தின்பான்? தெரியாமலே இருக்கட்டும். நல்லெண்ண இருக்கான்னு பாரு."

மனுசன் என்றாள். மனுசி என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு, தெரியாததைத் தெரிந்துகொள்வதுதான் அறிவு என்று படிப்பித்திருக்கிறேன். தெரிந்துகொள்ளக்கூடியதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எனக்கு அன்று என் அக்காவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வீட்டில் இருந்த நல்லெண்ணெய் ஒரு கரண்டிதான். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு நேரே எதிர் லைனுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ராசம்மா, எண்ண குடு."

"எதுக்கு?"

"கல்லக் கழுவணும்."

ராசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நியாயம் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

"யாரு?"

"ஆத்தாளுக்குத் தெரியும். நீ இல்ல. அது எனக்குத் தெரியும்." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "தப்பா நெனச்சிட்டேன்டி. வளையல் எடுத்து வச்சிருக்கேன் ஒனக்கு. ஒடிஞ்ச கையில போடாத, மத்ததுல போடு."

ராசம்மா உள்ளே போய் எண்ணெய் போத்தலை நிறைய எடுத்து வந்தாள். "என் அவரக்கொடிக்கு யாரு நியாயம் சொல்றது?" என்றாள். ஆனால் காலையில் எங்களோடு மேட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

கல்லைக் கழுவுவது ஐந்தாம் நாள் காலையில் என்று அக்கா குறித்திருந்தாள். ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். குடத்தில் தண்ணீர் சுமக்க மருமகன் வர வேண்டும் என்று அவளே கூப்பிட்டாள். குமரேசன் இரண்டு குடம் சுமந்து வந்தான். மழை விட்டிருந்தது. கீழே எஸ்டேட்டில் யாரும் பறிக்காமல் கொழுந்து முற்றிக் கிடந்தது.

அக்கா கல்லில் எண்ணெயை ஊற்றினாள். பொருக்கு ஊறிச் சிவப்பாக வழியத் தொடங்கியது. இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். மூன்றாவதற்குக் கையை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தைக் குமரேசனிடம் நீட்டினாள்.

"நீங்க தேய்ங்க மாப்பிள்ள."

ராசம்மா குறுக்கே விழுந்தாள். "அரைச்ச கைதானே கழுவணும்? யாரு வேணாலும் தேய்க்கலாமா?"

"எனக்குத் தோள்பட்ட வலிக்குது," என்றாள் அக்கா.

குமரேசன் கிண்ணத்தை வாங்கினான். முதலில் விரல் நுனியால் தொட்டான். பிறகு இரண்டு கையாலும், கல்லைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, மேலிருந்து கீழே தேய்த்தான். எங்கும் ஒரு பொட்டுச் சிவப்பு விடவில்லை. தேய்க்கத் தேய்க்க அவன் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் அழப் பார்த்தான், முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேய்த்தான். அக்கா குனிந்து குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கைமேல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு என்னாச்சு?" என்றாள் ராசம்மா.

"மிளகா நெடி," என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

ராசம்மா காற்றை மோந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு மாதமாகக் காய்ந்து, எண்ணெயில் ஊறிக் கரைந்த மிளகாய். நல்லெண்ணெய் வாசனையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ராசம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். படித்தவள் நான், விஞ்ஞானம் தெரிந்தவள். நான் சொன்னால் அவள் நம்புவாள்.

"ஆமா ராசம்மா, பொல்லாத நெடி," என்று சொல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.